இடது கையில் தீப்பந்தம்

நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தோம். முதலில் இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால் நான் பார்க்கவில்லை என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னதற்கு ஒரு தாளும் கையொப்பமும் இருந்தன. நாங்கள் சொன்னதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பதினொரு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். நாள், நேரம், மழை பெய்ததா, யார் என்ன சொன்னார்கள் என்ற நான்கும் இல்லாத பக்கம் என்னிடம் கிடையாது. முதல் பக்கம் அந்தப் படத்தைப் பற்றியது. பென்சிலால் எழுதியது; பிறகு அழியாமலிருக்க அதன் மேலேயே மையால் எழுதினேன். ஆகவே கீழே வருவதில் ஞாபகத்தை மட்டும் நம்பிச் சொல்வது குறைவு.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருந்தது. அறுபதுகளின் கடைசி. வெள்ளைக்காரத் துரை போய், கொழும்பிலிருந்து புதுத் துரை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மனைவியை எல்லாரும் துரைசாணி என்போம். அவருக்குத் தெரிந்த யாரோ படம் காட்டும் கருவி ஒன்றும் ஒரு படமும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலை, உத்தியோகத்தர் கிளப்புக்கு முன்னாலுள்ள புல்வெளியில் அதைக் காட்டுவது என்று முடிவாயிற்று.

இரண்டு சவுக்கு மரங்களுக்கிடையில் திரை கட்டினார்கள். இரண்டு கட்டில் விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தது. நடுவில் தையல் மேலிருந்து கீழாக ஓடியது. திரைக்கு முன்னால் இருபத்திரண்டு நாற்காலிகள். துரை, துரைசாணி, பெரிய கிளாக்கர், டீமேக்கர், அவர்களுடைய குடும்பங்கள். லயங்களின் ஒற்றையறைக் காம்பராக்களில் குடியிருந்த தொழிலாளர்கள் நாங்கள் திரைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் உட்காரலாம் என்று கங்காணி சொன்னார். அது யாருக்கும் வியப்பாக இல்லை. கோயில் திருவிழா தவிர எங்கே எது நடந்தாலும் எங்களுக்கென்று ஒரு மேடு இருக்கும். நாங்கள் நூறு பேருக்கு மேல் இருந்தோம். எனக்குத் தகப்பன் இல்லை. அம்மாவும் நானும் முதல் வரிசையில் கான் என்ற வடிகாலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தோம். கானில் தண்ணீர் ஓடியது. கால் நனைந்தாலும் நான் எழும்பவில்லை.

ஆறு நாற்பதுக்குப் படம் தொடங்கியது. கையால் வரைந்த கேலிச்சித்திரப் படம். கறுப்பு வெள்ளை. பேச்சே கிடையாது, வாத்தியச் சத்தம் மட்டும். தொடக்கத்தில் வந்த எழுத்துகளை எங்களில் யாராலும் வாசிக்க முடியவில்லை. எந்த நாட்டில் எடுத்தது, என்ன பெயர் என்று பிற்காலத்தில் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். அப்படியொரு படத்தைக் கண்டதாகக்கூட யாரும் சொன்னதில்லை.

முதலில் கடல். அதில் குடை போன்ற உயிர்கள் மிதந்தன. ஒரு மீன் மூச்சு வாங்கிக்கொண்டு கரையில் ஏறியது; அதன் செட்டைகள் காலாக மாறின. பிறகு தென்னை உயரத்துக்குக் கழுத்து நீண்ட பல்லிகள் வந்தன. ஒன்றையொன்று கடித்தன. ஒரு மலை வெடித்தது, எல்லாம் செத்தன. பனி பெய்தது. பனிக்குள்ளிருந்து உடம்பெல்லாம் சடை தொங்கும் யானைகள் வந்தன. கடைசியில் மனிதர்கள். ஒரு குகைக்குள் ஏழெட்டுப் பேர் ஒட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

எனக்குப் பின்னாலிருந்த ஒரு அக்கா சத்தமாகச் சொன்னாள்: "ஏ, அந்தக் குகைய பாருங்கடி. நம்ம காம்பராவ விட பெருசா இருக்கு!"

"அவனுக்கு ஒழுகவும் இல்லியே," என்றாள் இன்னொருத்தி.

"கங்காணிகிட்ட சொல்லு. அங்க ஒரு காம்பரா காலியா இருக்கான்னு கேக்கட்டும்."

மேடு முழுவதும் சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள்.

கடைசிக் காட்சியை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். புகையும் மலை வலது பக்கம். இடது பக்கத்திலிருந்து சடை யானை வருகிறது. தையலைத் தாண்டும்போது அதன் தும்பிக்கை இரண்டாக மடிந்தது போலத் தெரிந்தது. நடுவில் ஒரு பாறை. பாறை மேல் ஒரு மனிதன். இடது கையில் எரியும் கொம்பொன்றை யானைக்கு நேராகத் தூக்கிப் பிடித்து நிற்கிறான். யானை நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு வெளிச்சம் போயிற்று.

மறு வாரம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் துரைசாணி வந்தார். தோட்டப் பள்ளிக்கூடம் என்றால் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு முடிந்தால் படிப்பும் முடிந்தது. பதுளையில் விடுதியோடு கூடிய பெண்கள் பாடசாலை ஒன்றின் அதிபர் துரைசாணிக்குத் தெரிந்தவர். ஒரு பிள்ளையைச் சிபாரிசு செய்யச் சொல்லியிருந்தார். செலவு அவர்கள் பொறுப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை வரைய வேண்டும், எது நல்லதோ அதைச் சிபாரிசுக் கடிதத்தோடு அனுப்புவேன் என்றார் துரைசாணி. பெரிய கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார்.

வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். ஒருத்தி பெரிய கிளாக்கரின் மகள். அவள் நல்ல பிள்ளை. எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அந்தப் பாடசாலையில் இடம் கிடைக்காவிட்டால் எனக்கு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த வருடம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போவேன். அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "கண்ண மூடி, அன்னைக்கி பாத்தத அப்பிடியே போடு. அழகா போடணும்னு நெனைக்காத. பாத்தத போடு."

நான் பார்த்ததைப் போட்டேன். மலை, யானை, பாறை, இடது கை. தும்பிக்கையின் மடிப்பைக்கூட விடவில்லை.

மூன்று நாள் கழித்து என்னைத் தோட்ட அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மழை இல்லை, காலை பத்தரை மணி. பெரிய கிளாக்கர் வடக்கிலிருந்து வந்து தோட்டத்திலேயே இருபது வருடம் கழித்தவர். யாரையும் அடித்ததில்லை. அதனால்தான் அவர் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள்.

"இஞ்சை வா, பிள்ளை. இது நீ கீறினதோ?"

"ஆமாங்க."

"வேறை ஆற்றையேன் படத்தைப் பாத்துக் கீறினனீயோ?"

"இல்லீங்க. நாந்தாங்க வரைஞ்சேன்."

அவர் எழும்பி ஜன்னலுக்குப் போனார். தம் மகளின் தாளைக் கண்ணாடியில் வைத்தார். என் தாளைத் திருப்பி, பின்பக்கம் தெரியும்படி அதன் மேல் வைத்தார். வெளிச்சத்தில் இரண்டும் தெரிந்தன. மலை மேல் மலை விழுந்தது. யானை மேல் யானை விழுந்தது. என் மனிதனின் கை அவளுடைய மனிதனின் கை மேல் போய்ச் சேர்ந்தது. சரியாக ஒன்றின் மேல் ஒன்று இல்லை, ஆனால் சந்தேகப்படப் போதுமான அளவு.

"இஞ்சை பார். வாத்தியாற்றை அலுமாரியிலை இருந்த என்ரை மகளின்ரை படத்தை எடுத்து, கண்ணாடியிலை வைச்சுப் பின்பக்கத்தாலை கீறியிருக்கிறாய். அதுதான் எல்லாம் மறுபக்கமாக் கிடக்குது. அவன் கொள்ளியைப் பிடிச்சது வலக்கையாலை. நான் முன் வரிசையிலை இருந்து பாத்தனான்."

"இல்லீங்க, இடது கைங்க. நாங்களும் பாத்தோம்ங்க."

"பொய் சொல்லாதை, பிள்ளை," என்றார். குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அந்த வருத்தம் எனக்கு அடியைவிட மோசமாக இருந்தது. என் படம் களவாக வரைந்தது என்று ஒரு தாளில் எழுதி, கையொப்பம் போட்டு, என் தாளோடு ஊசி குத்தி வைத்தார்.

திரைக்குப் பின்னால் நூறு பேர் இருந்தது அவருக்குத் தெரியும். நாங்கள் சிரித்தது அவருக்குக் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்தும் படம் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. நான் சரி, அவர் மகள் தப்பு என்றுதான் வீடு வரும்வரை நினைத்தேன். லயத்து வாசலில் கம்பியில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கிளி அச்சடித்த சேலை. காம்பராப் பக்கமிருந்து வரும்போது கிளிகளின் மூக்கு எல்லாம் என் வலது கைப் பக்கம் இருக்கும். அன்று நான் அழுதுகொண்டு, யாரும் பார்க்காதபடி தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் சுற்றி, சேலைக்கு அந்தப் பக்கமாக வந்தேன். அங்கிருந்து சேலையின் பின்பக்கத்தைப் பார்த்தபோது, கிளிகளின் மூக்கு வலது கைப் பக்கத்தில் இல்லை. இடது கைப் பக்கத்தில் இருந்தது. நான் இரண்டு பக்கமும் நாலு தரம் போய்ப் போய்ப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது.

அம்மா மாலைக் கொழுந்து நிறுவை முடிந்து வந்ததும் சேலையைக் காட்டிச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவளும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பார்த்தாள்.

"அப்ப நாம பாத்தது எல்லாம் மறுபக்கமா?"

"ஆமாம்மா."

"லயத்துல எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

அம்மா சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "சரி. காலையில பாத்துக்கிறேன்."

காலைப் பெரட்டு ஆறு மணிக்கு. ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். எந்த மலைக்கு யார் என்று கங்காணி சொல்வார். துரை ஓரத்தில் நிற்பார். பெரட்டுக் களத்தில் துரையிடம் பேசுவது கங்காணி மட்டுமே. பெண்களுக்கு அந்த இடத்தில் வாயே கிடையாது. அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து துரைக்கு முன்னால் நின்றாள். நான் ஸ்டோர் சுவரோரம் நின்று பார்த்தேன்.

"ஏ, வரிசைக்கு போ!" என்றார் கங்காணி.

"போறேங்க. ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு போறேன்." அம்மா துரையைப் பார்க்கவில்லை. பெண்களின் வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "ஏ புள்ளைங்களா, அன்னைக்கி படத்துல சடை ஆனை வந்துச்சுல்ல? அந்த ஆளு எந்தக் கையில நெருப்ப தூக்குனான்? வாயால சொல்ல வேணாம். அந்தக் கைய தூக்குங்க."

ஒரு கணம் யாரும் அசையவில்லை. துரை இருக்கிறார். கங்காணி இருக்கிறார். பிறகு குகையைப் பார்த்துக் கேலி பேசிய அக்கா இடது கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. பிறகு வரிசை முழுவதும். முப்பத்தொரு பெண்கள்; முப்பத்தொரு இடது கை. நான் எண்ணினேன். ஆண்களின் வரிசையிலும் சில கைகள் எழும்பின, கங்காணியின் சொந்தத் தம்பியுடையதும் சேர்த்து.

"நீயுமாடா?" என்றார் கங்காணி.

"பாத்தத சொல்லாம என்னாண்ணே செய்ய?"

யாரோ சிரித்தார்கள். துரைக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். என்ன நடக்கிறது என்று பெரிய கிளாக்கரிடம் கேட்டார். கிளாக்கர் அலுவலகப் படியில் நின்றிருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்தேன். கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, கடைசிக் கைக்கு வந்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் நேர்மையான மனிதர். துரையிடம் முழுதையும் ஆங்கிலத்தில் சொன்னார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

"எம்புள்ள களவெடுக்கலீங்க," என்றாள். "எழுதுனத கிழிச்சிடுங்க."

கிளாக்கர் அதை உள்ளேயிருந்து எடுத்துவந்து கிழித்தார். எல்லாரும் பார்க்கும்படிதான் கிழித்தார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

அன்று பின்னேரம் கிளாக்கர் தாமே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் என் தாள். கூடவே புதிய வெள்ளைத் தாள் ஒன்று.

"பிள்ளை, உன்ரை படந்தான் நல்லது. என்ரை மகளின்ரையை விட நல்லது. அம்மா உன்ரையைத்தான் அனுப்பச் சொல்லிப்போட்டா." அம்மா என்றது துரைசாணியை. "ஆனா இப்பிடி மறுபக்கமா அனுப்பேலாது. வெள்ளிக்கிழமைக்குள்ளை நேராக் கீறித் தா."

நான் தாளை வாங்கவில்லை.

"என்ன? கீறத் தெரியாதோ? இதைத் திருப்பிக் கண்ணாடியிலை வைச்சால் அஞ்சு நிமிச வேலை."

எந்த வேலைக்காக நேற்று என்னைக் கள்ளி என்றாரோ அதே வேலையைத்தான் இப்போது சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதை நான் சொல்லவில்லை. பதினொரு வயதில் அவ்வளவு வாய் வராது. "நான் அப்பிடி பாக்கலீங்க," என்றேன்.

"நேராப் பாத்த மாதிரிக் கீறு."

"நான் நேராத்தாங்க பாத்தேன்."

அவர் வெள்ளைத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னபோது, பெரட்டில் நின்றவள் என் பக்கம்தான் நிற்பாள் என்று நினைத்தேன்.

"வரைஞ்சு குடுத்துடு," என்றாள்.

"அம்மா!"

"என்னாடி அம்மா? அந்தப் பய எந்தக் கையில புடிச்சா நமக்கென்னா? செத்து எத்தன ஆயிரம் வருசம் ஆச்சோ. திருப்பிப் போட்டுக் குடுத்துட்டு பதுளைக்கு போய் படி."

"நீதானேம்மா பெரட்டுல வச்சுக் கேட்ட?"

"அது களவு சொன்னதுக்கு. இது படிப்புக்கு. ரெண்டையும் ஒண்ணாக்காத."

அவள் சொன்னது நியாயம். அன்றும் அது எனக்குத் தெரியும். நான் அந்த வெள்ளைத் தாளை எடுத்துப் பார்த்தேன், பென்சிலையும் சீவினேன். ஆனால் மலையை இடது பக்கம் போடக் கை வரும்போது, அந்தப் பக்கத்தில் எனக்கு மலை இல்லை. இருந்தது இருபத்திரண்டு நாற்காலிகள்தான். அதில் ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதிக் கொடுப்பது போல இருந்தது. கான் தண்ணீரில் கால் நனைந்து நான் பார்த்த படத்தைத் தப்பு என்று நானே சொல்ல வேண்டும். அதற்குக் கூலி ஒரு பாடசாலை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தாளை வெறுமையாகவே அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். அம்மா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியதும் நல்ல வார்த்தை இல்லை. அதை எழுதி வைத்திருக்கிறேன், இங்கே எழுத மாட்டேன்.

கிளாக்கரின் மகள் பதுளைக்குப் போனாள். தைப்பொங்கல் கழித்து என் பெயரை வேலையாட்களின் பதிவேடான செக்ரோலில் பதிந்தார்கள். ஒரு வருடமும் மூன்று மாதமும் கொழுந்தெடுத்தேன். விரல் வெடித்தது, அட்டை கடித்தது, குளிரில் காது வலித்தது. சில காலைகளில் கூடையைத் தூக்கும்போது, ஒரு தாளைத் திருப்பி வைத்திருக்கலாமே என்று நினைத்ததுண்டு. நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். ஆனால் அப்படி நினைத்த நாள்களின் பக்கத்தில்கூட, செய்தது தப்பு என்று ஒரு வரி கிடையாது. பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த ஒரு வருடமும் மூன்று மாதமும் அம்மா சும்மா இருக்கவில்லை. ஹாலிஎலவிலிருந்த தமிழ்ப் பாடசாலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய், பூட்டிய வாசலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மற்ற நாள்களில் போக முடியாது. கடைசியில் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகாமல், கிளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு ரெயில் பாதை வழியாக நடந்தாள். ஒன்றே முக்கால் மணி நேரம். தூறல்.

தலைமை ஆசிரியர் என் வயதைக் கேட்டார். ஆறாம் வகுப்புக்கு நான் வளர்ந்தவள் என்றார். ஐந்தாம் வகுப்பு முடித்த தாளைப் பார்த்தார். மதிப்பெண்கள் நன்றாக இருந்தன.

"நல்லா படிச்ச புள்ளயா இருக்கே. ஏன் இவ்வளவு நாள் அனுப்பல?"

அம்மா பதுளையைப் பற்றிச் சொல்லவில்லை. கிளாக்கரைப் பற்றியும் சொல்லவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு சொன்னாள்:

"படம் ஒண்ணு பாத்துச்சுங்க. பாத்தத மாத்தச் சொன்னாங்க. மாட்டேனு நின்னுருச்சு." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நானும் மாத்தச் சொன்னேங்க. எனக்கும் மாட்டேனுருச்சு," என்றாள்.

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் அவரை நேராகப் பார்த்தேன். அவர் பதிவுப் புத்தகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, என் பெயரைச் சொல்லச் சொன்னார்.